பீட்டில்ஸ் வரலாற்றைக் காதால் படிப்பவர்கள்



பழைய இசைக்குழு ஒன்றின் வரலாற்றை இன்று யார் எழுதுகிறார்கள்? நூலாசிரியர்களும் பேராசிரியர்களும் எழுதுகிறார்கள் என்பது நாம் அறிந்ததே. ஆனால், யூடியூப் என்னும் வலையொளித் தளம் வந்த பின்னர் வேறொரு கூட்டத்தாரும் இப்பணியில் இறங்கியுள்ளனர். அவர்களுள் கித்தார் செய்யும் கைவினைஞர் இருக்கிறார். பழைய இசைத்தட்டு வணிகர் இருக்கிறார். பியானோ கற்பிப்பவரும் இருக்கிறார். இவர்களுடைய காணொளிகளைப் பார்த்தபின் நாம் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் பாடல் புதிதாய் ஒலிக்கிறது!

பீட்டில்ஸ் குழுவின் இரசிகர்கள் பார்க்கத்தக்க காணொளிப் படைப்பாளர்களைப் பற்றியதே இப்பதிவு. வெறும் பட்டியலாகத் தந்துவிட்டுப் போக மனம் வரவில்லை. இவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். இவர்களுக்கு முன்னால் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. அந்த மரபைத் தெரிந்துகொண்டால்தான், இன்று குவிந்து கிடக்கும் ஆயிரமாயிரம் காணொளிகளில் நெல் எது, பதர் எது என்று பிரித்தறிய இயலும்.

எட்டு ஆண்டுகள், அறுபது ஆண்டுகள்

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தவர். இவர்களின் முதல் இசைத்தட்டான 'லவ் மீ டூ' 1962 அக்டோபர் 5-இல் வெளிவந்தது. 1970 ஏப்ரலில் குழு பிரிந்த செய்தி உலகுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட காலம் எட்டு ஆண்டுகூட நிறையவில்லை. இந்தச் சிறு காலத்தைத்தான் உலகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு காரணம் பாடல்களின் இனிமை. இன்னொரு காரணம் சான்றுகளின் மிகுதி. பெரும்பாலான பாடல்கள் இலண்டன் ஏபி ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயின. எந்த நாளில், எந்தப் பாடலை, எத்தனை முறை பதிந்தார்கள் என்ற குறிப்புகளும் ஒலிநாடாக்களும் அங்கே பாதுகாக்கப்பட்டன. வரலாறு படிப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குழு பிறப்பதற்கு முன்பிருந்தே சான்று கிடைக்கிறது. லெனனும் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தது 1957 ஜூலை 6-ஆம் நாள், லிவர்பூலின் ஊல்ட்டன் பகுதியில் நடந்த தேவாலய விழாவில். அன்று லெனனின் பழைய குழு பாடியதைப் பார்வையாளர் ஒருவர் தம் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வைத்திருந்தார். அந்த நாடா 1994-இல் ஏலத்துக்கு வந்தது.

இதனினும் வியப்பானது 2023-இல் வெளிப்பட்ட நாடா. 1963 ஏப்ரல் 4-ஆம் நாள், பக்கிங்காம்ஷயரில் உள்ள ஸ்டோ என்னும் ஆண்கள் உறைவிடப் பள்ளியில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினர். ஒலிக்கருவிகளில் நாட்டமுள்ள 15 வயது மாணவர் ஒருவர் அந்நிகழ்ச்சியை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பதிவு செய்தார். அறுபது ஆண்டுகள் கழித்து பி.பி.சி. வழியாக அச்செய்தி உலகுக்குத் தெரிந்தது. பிரித்தானியாவில் இக்குழு நடத்திய நிகழ்ச்சி ஒன்று முழுமையாகப் பதிவானவற்றுள், அறியப்பட்ட மிகப் பழைய நாடா அதுவேயாகும். பிற்கால மேடைப்பதிவுகளில் இரசிகைகளின் கூச்சல் பாட்டையே விழுங்கிவிடும். ஆண் பிள்ளைகள் நிறைந்திருந்த இப்பள்ளி அரங்கிலோ குழுவின் இசை தெளிவாகக் கேட்கிறது.

ஒரு பள்ளி மாணவன் ஆர்வத்தால் செய்த வேலை இன்று வரலாற்றுச் சான்றாக நிற்கிறது. ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இச்செய்தி மிகவும் பிடித்திருந்தது. இப்பதிவில் நான் சொல்லப்போகும் படைப்பாளர்கள் அனைவரும் அந்த மாணவனின் வழித்தோன்றல்கள் என்றே கருதுகிறேன்.

கேள்விப்பட்டதிலிருந்து சான்றுக்கு

தொடக்கத்தில் இரசிகர்களுக்குக் கிடைத்தது இதழ் ஒன்றே. 'தி பீட்டில்ஸ் புக்' என்னும் மாத இதழ் 1963 ஆகஸ்டு முதல் 1969 டிசம்பர் வரை 77 இதழ்கள் வெளிவந்தது. படங்களும் செய்திகளும் நிறைந்த இதழ்தான். ஆயினும், குழுவின் நல்ல பெயரைக் காப்பதே அதன் நோக்கமாக இருந்தது.

உண்மையான திருப்பம் 1988-இல் ஏற்பட்டது. மார்க் லூயிசோன் என்னும் ஆய்வாளருக்கு இ.எம்.ஐ. நிறுவனம் தன் நாடாக் காப்பகத்தைத் திறந்துவிட்டது. அவர் நாடாக்களைக் கேட்டு, கூடத்துக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, பீட்டில்ஸின் ஒலிப்பதிவு அமர்வுகளை நாள்வாரியாகத் தொகுத்து நூலாக்கினார். அதுவரை 'அப்படியாம், இப்படியாம்' என்று பேசப்பட்ட செய்திகளுக்கு நாளும் எண்ணும் கிடைத்தன.

அடுத்த ஆண்டு, 1989-இல், ஆலன் பொல்லாக் என்னும் இசையியலாளர் பீட்டில்ஸ் பாடல்களை ஒவ்வொன்றாகப் பகுத்து எழுதி இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். பத்தாண்டுக்கும் மேலாகத் தளராமல் எழுதி, அக்குழு அதிகாரமாக வெளியிட்ட பாடல்கள் அனைத்தையும் முடித்தார். இணையம் என்றால் என்னவென்றே நம்மில் பலர் அறியாத காலம் அது! 2006-இல் கெவின் ரயன், பிரையன் கெஹு இருவரும் ஒலிப்பதிவுக் கருவிகளை மட்டுமே ஆராய்ந்து பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். எந்த ஒலிவாங்கி, எந்த ஒலிபெருக்கி, எந்தப் பதிவுக்கருவி என்று அனைத்தும் அதில் உண்டு.

இந்த நூல்களுக்கு ஒரு குறை இருந்தது. இசையைப் பற்றி எழுத்தில் படிக்கிறோம். காதுக்கு எதுவும் வருவதில்லை. 'இவ்விடத்தில் இரண்டு பதிவுகள் ஒட்டப்பட்டுள்ளன' என்று நூல் சொல்லும். எவ்விடம்? நாமே இசைத்தட்டைச் சுழலவிட்டுத் தேட வேண்டும். காணொளி இக்குறையைத் தீர்த்தது.

தடங்கள் பிரிந்த கதை

இங்கே சற்றுத் தொழில்நுட்பம் பேச வேண்டியுள்ளது. 1963-இன் பெரும்பகுதி வரை பீட்டில்ஸ் பாடல்கள் இரண்டே தடங்கள் கொண்ட நாடாவில் பதிவாயின. ஒரு தடத்தில் இசைக்கருவிகள், மறு தடத்தில் குரல்கள். அக்காலத்து இருசெவி இசைத்தட்டில் ஒரு பக்கம் கருவியும் மறுபக்கம் குரலுமாக ஒலிப்பது இதனால்தான். அவ்வாண்டு அக்டோபரில் நான்கு தடங்களும், 1968-இல் எட்டுத் தடங்களும் வந்தன.

நான்கு தடங்களும் நிரம்பிவிட்டால் என்ன செய்வது? அவற்றை ஒன்றாகக் கலந்து வேறொரு நாடாவின் ஓரிரு தடங்களில் இறக்கிவிட்டு, மிஞ்சிய தடங்களில் மேலும் பதிவார்கள். இவ்வாறு கலந்தவற்றைப் பிரிப்பது, அரைத்த குழம்பிலிருந்து மிளகாயையும் மல்லியையும் தனித்தனியே எடுப்பதற்கு ஒப்பாகும். முடியாது என்றே அனைவரும் எண்ணியிருந்தனர்.

2009 செப்டம்பர் 9-இல் பீட்டில்ஸ் பாடல்களை வைத்து 'ராக் பேண்ட்' கணினி விளையாட்டு ஒன்று வெளியானது. விளையாடுவோர் கித்தார், டிரம்ஸ், குரல் எனத் தனித்தனியே பங்கேற்க வேண்டுமாதலால், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் பாடல்களின் ஒலிகளைப் பிரித்துக் கொடுத்தார். அவ்விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்ட தனித்தடங்கள் இணையத்தில் பரவின. மெக்கார்ட்னியின் பேஸ் கித்தாரை மட்டும், ரிங்கோவின் டிரம்ஸை மட்டும் பொதுமக்கள் கேட்டது அப்போதுதான்.

பின்னர், 2021-இல் வெளியான 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழுவினர் கணினிக்குக் குரலையும் கருவிகளையும் அடையாளங்காணக் கற்றுக்கொடுத்தனர். அதே முறையால் 2022-இல் 'ரிவால்வர்' தொகுப்பு புதிதாகக் கலக்கப்பட்டது. 2023 நவம்பரில் வெளிவந்த 'நவ் அண்ட் தென்' பாடலில், லெனன் 1970-களில் வீட்டில் பதிந்திருந்த நாடாவிலிருந்து அவர் குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுத்ததும் இம்முறையே. அரைத்த குழம்பைப் பிரித்தே விட்டார்கள்! இன்று இத்தகைய மென்பொருள்கள் பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. காணொளிப் படைப்பாளர்களின் பெருக்கத்துக்கு இது முக்கியக் காரணமாகும்.

ஒரே ஒரு சுரக்கூட்டு

இவர்களின் ஆய்வு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'எ ஹார்ட் டேய்ஸ் நைட்' பாடல் 1964 ஏப்ரல் 16-இல் பதிவானது. அதன் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை 'ஜாங்' என்று ஓர் ஒலி எழும். சில நொடிகளில் அடங்கிவிடும். அந்தச் சுரக்கூட்டில் என்னென்ன சுரங்கள் உள்ளன என்று கித்தார் கலைஞர்கள் பல்லாண்டுகள் வாதிட்டு வந்தனர்.

2004-இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரௌன், அவ்வொலியை ஃபூரியர் பகுப்பாய்வு என்னும் கணித முறையால் அலைகளாகப் பிரித்தார். கித்தார்களோடு ஒரு பியானோவும் அதில் ஒலிக்கிறது என்பது அவர் முடிவு. பின்னர், கனடாவின் கித்தார் கலைஞர் ராண்டி பாக்மன் ஏபி ரோடு கூடத்துக்குச் சென்றபோது, ஜைல்ஸ் மார்ட்டின் அப்பாடலின் தடங்களை அவருக்குத் தனித்தனியே ஒலிக்கவிட்டார். பாக்மன் அக்கதையை மேடையில் சொல்லி, தம் குழுவினரோடு ஒவ்வொரு பகுதியாக வாசித்துக் காட்டி, இறுதியில் அனைத்தையும் ஒன்றாக ஒலிக்கச் செய்தார். அக்காணொளி வலையொளியில் பரவிப் புகழ் பெற்றது.

பாக்மன் கித்தார்களையும் பேஸையும் விளக்குகிறார். பியானோவைப் பற்றிப் பேசவில்லை. பிரௌன் பியானோவை வலியுறுத்துகிறார். ஒருவர் மூல நாடாவைக் கேட்டவர்; மற்றவர் வெளிவந்த பதிவை அளந்தவர். இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் வரலாறு எப்படி உருவாகிறது என்பது விளங்குகிறது. சில நொடி ஒலிக்கே இத்தனை ஆய்வு தேவைப்பட்டதென்றால், பேரரசுகளின் வரலாற்றைப் பற்றி என்ன சொல்வது!

பார்க்கத்தக்க படைப்பாளர்கள்

இனி, நான் விரும்பிப் பார்ப்பவற்றுள் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன்.

1. கலியாட்சோ ஃப்ருடுவா. இவர் இத்தாலிய நாட்டவர். கித்தார்களை உருவாக்கும் கைவினைஞர். பீட்டில்ஸ் பாடல்களில் இரண்டு மூன்று குரல்கள் இணைந்து பாடும் முறையை விளக்குவதே இவர் காணொளிகளின் சிறப்பு. லெனனின் குரல்வழியை முதலில் தாமே பாடிக்காட்டுவார், பிறகு மெக்கார்ட்னியுடையதை, பிறகு ஹாரிசனுடையதை. இறுதியில் திரையில் மூவராகத் தோன்றி மூன்றையும் சேர்ப்பார். 1969-இல் பதிவான 'பிகாஸ்' பாடலில் மூவரும் மும்முறை பாடி ஒன்பது குரல்களாக அடுக்கினர் என்று நூலில் படித்திருக்கிறேன். குரல்களைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் இவரிடமிருந்து வந்த பிறகே அவ்வடுக்கு எனக்குக் கேட்கத் தொடங்கியது. நல்ல ஆசிரியருக்குரிய பொறுமை இவரிடம் உண்டு.

2. 'யூ காண்ட் அன்ஹியர் திஸ்'. 'ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேளாதிருக்க முடியாது' என்பது இப்பெயரின் பொருள். பதிவுகளில் மறைந்து கிடக்கும் சிறு ஒலிகளையும் புதிர்களையும் எடுத்துக்கொண்டு, நூல், நேர்காணல், நாடா ஆகியவற்றின் துணையோடு துப்பறியும் கதைபோல் விளக்கும் அலைவரிசை இது. இப்பெயரின் உண்மையை உணர 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். வெவ்வேறு வேகமும் சுருதியும் கொண்ட இரண்டு பதிவுகளை, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஜார்ஜ் மார்ட்டினும் பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் ஒட்டினர். ஏறத்தாழ ஒரு நிமிடம் கடந்ததும் அந்த ஒட்டு வரும். தெரியாதவரை ஒன்றுமில்லை, தெரிந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கேட்கும்!

3. 'பார்லோகிராம் ஆக்ஷன்ஸ்'. பழைய இசைத்தட்டு வணிகர் ஒருவரின் அலைவரிசை. இசைத்தட்டின் உறை, முகப்புத்தாளின் நிறம், ஓரத்தில் பொறித்த எண் ஆகியவற்றைக் கொண்டு அத்தட்டு எப்போது அச்சானது என்று காட்டுவார். கல்வெட்டு ஆய்வாளர் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலத்தைக் கணிப்பதற்கு நிகரான வேலை இது. இதில் உண்மையான பயனும் உண்டு. 1966-இல் வெளிவந்த 'ரிவால்வர்' ஒருசெவித் தட்டின் மிக முந்திய அச்சில் 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலின் வேறொரு கலவை இடம்பெற்றது. உடனே அது மாற்றப்பட்டது. எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கே அந்த அச்சு அகப்படும்.

4. 'பாப் கோஸ் த சிக்ஸ்டீஸ்'. அறுபதுகளின் இசைக்குழுக்களைப் பற்றியது. ஒருவர் அமர்ந்து பேசுவதே இதன் வடிவம். நூல்களை மதிப்பிட்டு, ஒரு நூல் சொல்வதை இன்னொன்றோடு ஒப்பிட்டு, வழிவழியாகச் சொல்லப்படும் கதைகளைக் கேள்விக்கு உட்படுத்துவார். அவர் கருத்துகள் அனைத்தையும் நான் ஏற்பதில்லை. ஆயினும், பீட்டில்ஸை அவர்கள் காலத்துப் பிற குழுக்களோடு வைத்துப் பார்க்க இவ்வலைவரிசை உதவுகிறது.

5. மைக் பச்செல்லி, டேவிட் பென்னட். முன்னவர் கித்தார் கலைஞர். பதிவில் உள்ளவாறே கித்தார்ப் பகுதிகளை வாசித்துக் காட்டுவார். பின்னவர் பியானோவின் துணையால் இசை இலக்கணம் கற்பிப்பவர். அவருடைய எடுத்துக்காட்டுகளில் பீட்டில்ஸ் பாடல்கள் அடிக்கடி வரும். இசை படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இவ்விருவரையும் அறிமுகம் செய்யலாம்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. 'நான் சொல்கிறேன், நம்புங்கள்' என்று இவர்கள் சொல்வதில்லை. 'இதோ ஒலி, நீங்களே கேளுங்கள்' என்கிறார்கள்.

செவி ஏமாற்றும் இடம்

உற்றுக் கேட்பது மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் இக்குழுவின் வரலாற்றிலேயே சான்று உள்ளது.

1969 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அமெரிக்காவில் ஒரு வதந்தி பரவியது. மெக்கார்ட்னி முன்பே இறந்துவிட்டார், அவர் இடத்தில் வேறொருவர் நடிக்கிறார் என்பதே அது. மாணவர் இதழ் ஒன்றில் வந்தது, டெட்ராய்ட் வானொலியில் பேசப்பட்டது, பின்னர் காட்டுத்தீயானது. இளைஞர்கள் இசைத்தட்டைப் பின்னோக்கிச் சுழற்றித் தடயம் தேடினர். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பாடலின் முடிவில் லெனன் ஒரு பழக்குழம்பின் பெயரைச் சொல்கிறார். வதந்தியை நம்பியவர்களின் காதில் அது 'பாலைப் புதைத்தேன்' என்று விழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் 'லைஃப்' இதழ் ஸ்காட்லாந்து சென்று மெக்கார்ட்னியைக் கண்டு பேசி, அவர் உயிரோடிருப்பதை அட்டைப்படத்திலேயே வெளியிட்டது. இருந்தும், அக்கதையை விற்கும் காணொளிகள் இன்றும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அந்த இளைஞர்களும் மேற்சொன்ன படைப்பாளர்களைப் போலவே நுணுக்கமாகத்தான் கேட்டார்கள். ஆனால், முடிவை முன்பே செய்துகொண்டு சான்றைத் தேடினார்கள். தேடுவது கிடைக்காமலா போகும்? யார் சொன்னாலும் அப்பொருளின் உண்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்திருக்கிறார். சொல்பவர் நம் காதாக இருந்தாலும் அவ்விதி பொருந்தும் எனலாம்.

அறுபது மணி நேரச் சான்று

1969 ஜனவரி மாதத்தில் குழுவினர் ஒத்திகை பார்த்ததையும் பாடியதையும் இயக்குநர் மைக்கேல் லின்ட்சே-ஹாக் படம்பிடித்தார். அதிலிருந்து 1970-இல் வெளிவந்த 'லெட் இட் பீ' திரைப்படம் ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. குழு பிரிந்த வேளையில் வெளியானதால், அந்த ஜனவரி முழுவதும் சண்டையும் சோகமும்தான் என்ற எண்ணம் ஐம்பது ஆண்டுகள் நிலைத்துவிட்டது.

அப்போது எடுத்த படச்சுருள் ஏறத்தாழ 60 மணி நேரம். ஒலிநாடா 150 மணி நேரத்துக்கும் மேல். இவற்றிலிருந்து பீட்டர் ஜாக்சன் 2021 நவம்பரில் ஏறக்குறைய எட்டு மணி நேர ஆவணப்படத்தை வெளியிட்டார். அதில் சிரிப்பும் கேலியும் நிறைந்திருந்தன. மெக்கார்ட்னி பேஸ் கித்தாரைத் தட்டிக்கொண்டே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து 'கெட் பேக்' பாடலை உருவாக்கும் காட்சியைக் கண்டு உலகமே வியந்தது. அதே சமயம், முதல் படத்தில் இடம்பெறாத உண்மை ஒன்றும் வெளிப்பட்டது. ஜனவரி 10-இல் ஹாரிசன் குழுவைவிட்டு வெளியேறி, சில நாள்களில் திரும்பினார் என்பதே அது.

ஒரே மாதம், ஒரே படச்சுருள், இரண்டு வரலாறுகள்! வெட்டித் தொகுப்பவரின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது பாருங்கள். ஜாக்சனின் படமும் தொகுக்கப்பட்டதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் நாட்டில் 2014 முதல் தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாக வந்தது. முதன்மைச் சான்று எது, துணைச் சான்று எது என்று பிள்ளைகளுக்கு விளக்கும்போது நான் இவ்விரு படங்களின் கதையைச் சொல்வதுண்டு. 'ஐயா, அப்படியானால் எதுதான் உண்மை?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் பாடம் பாதி முடிந்ததாகப் பொருள்.

உறையில் இல்லாத பெயர்கள்

இத்தேடலால் என்ன பயன், வெறும் பொழுதுபோக்குத்தானே என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி.

1967-இல் வெளிவந்த 'சார்ஜண்ட் பெப்பர்' தொகுப்பில் ஹாரிசன் பாடிய 'விதின் யூ விதவுட் யூ' முழுக்க இந்திய இசையில் அமைந்த பாடல். தில்ரூபா, தம்புரா, தபேலா ஆகியவற்றை இலண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள் வாசித்தனர். முந்திய ஆண்டில் 'லவ் யூ டூ' பாடலுக்குத் தபேலா வாசித்த அனில் பகவத்தின் பெயர் உறையில் இருந்தது. இவர்களின் பெயர்களோ உறையில் இல்லை. உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்ற தட்டு. அதில் வாசித்தவர் யாரென்று உலகுக்குத் தெரியாது!

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017-இல், லிவர்பூல் பல்கலைக்கழகத்தினரின் தேடலால் அவர்கள் அடையாளம் காணப்பட்டனர். அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி ஆகியோரே அவர்கள். நான்கு பெயர்களைக் கண்டெடுக்க அரை நூற்றாண்டு. அதற்குள் எத்தனை நேரடிச் சாட்சிகள் மறைந்துவிட்டனர்! லெனன் 1980-இல், ஹாரிசன் 2001-இல், ஜார்ஜ் மார்ட்டின் 2016-இல், ஜெஃப் எமரிக் 2018-இல் காலமாயினர். இனி நாடாக்களும் அவற்றை உற்றுக் கேட்கும் காதுகளுமே பேச வேண்டும். ஆகவேதான் இப்படைப்பாளர்களின் பணியை நான் விளையாட்டாக எண்ணவில்லை.

வாடகை நிலத்தில் கட்டிய வீடு

இப்பணிக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பாடலை ஒலிக்கவிட்டால்தான் விளக்க முடியும். ஒலிக்கவிட்டாலோ பதிப்புரிமையாளர்கள் காணொளியைத் தடுக்கலாம், அல்லது அதன் வருவாயைத் தமதாக்கிக்கொள்ளலாம். பல பாடல்களைப் பகுத்து விளக்கிவரும் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ரிக் பியாட்டோ, 2020-இல் அந்நாட்டு மேலவைத் துணைக்குழு ஒன்றின் முன்னிலையில் இச்சிக்கலை எடுத்துரைத்தார். ஃப்ருடுவா தாமே பாடிக்காட்டுவதும், பச்செல்லி தாமே வாசித்துக்காட்டுவதும் கற்பித்தலுக்கு நல்ல முறைகள். இத்தடைக்கும் அவை ஓரளவு மருந்தாகின்றன.

உரிமை பெற்றவர்களின் நலனும் காக்கப்பட வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆயினும், வலையொளியில் உள்ள வரலாறு வாடகை நிலத்தில் கட்டிய வீடு என்பதை நாம் உணர்ந்திருக்க வேண்டும். ஓர் அறிவிப்பில் அது மறைந்து போகலாம். நூல்கள் அலமாரியில் இருக்கும். எனவே, காணொளியைப் பார்ப்பவர்கள் நூலையும் கைவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிய படைப்பாளர் ஒருவரைக் கண்டால் மூன்று வினாக்களை எழுப்பிப் பாருங்கள்.

அ) இவர் சொல்வதற்குச் சான்று காட்டுகிறாரா? நூலின் பெயரோ, நாளோ, ஒலியோ ஏதேனும் ஒன்று வேண்டும்.

ஆ) தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்கிறாரா? 'இருக்கலாம்' என்று சொல்லத் தெரிந்தவரை நம்பலாம்.

இ) தலைப்பில் இடி முழக்கி, உள்ளே தூறல்கூட இல்லாமல் போகிறதா? அப்படியானால் அடுத்த காணொளிக்குச் செல்லுங்கள்.

இன்று செயற்கை நுண்ணறிவால் லெனனின் குரலில் பாடாத பாட்டைப் பாட வைக்கிறார்கள். கேட்பதற்கு அச்சு அசலாக இருக்கும். 'நவ் அண்ட் தென்' பாடலில் நடந்ததோ வேறு. அங்கே லெனன் உண்மையாகவே பாடிய குரல் பிரித்தெடுக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை அறியாதவர்கள் இரண்டையும் ஒன்றென்றே நினைப்பர். மேற்கண்ட வினாக்கள் முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவைப்படுகின்றன.

நிறைவாக ஓர் ஆசை. பீட்டில்ஸ் அலை நம் மலேசியாவையும் சிங்கப்பூரையும் விட்டுவைக்கவில்லை. அறுபதுகளில் இங்கே மலாய் இளைஞர்கள் மின்கித்தார் ஏந்திப் பாடிய இசைக்குப் 'போப் யே யே' என்று பெயர். அந்த 'யே யே' பீட்டில்ஸ் பாடலின் முழக்கத்திலிருந்து வந்ததே என்பர். அக்காலத்துக் குழுக்களில் வாசித்தவர் யார், எந்தக் கூடத்தில், எந்த நாளில் என்று நாடா நாடாவாக உற்றுக் கேட்டுச் சொல்பவர்கள் நமக்கும் வேண்டும். நம் பள்ளிகளில் கைப்பேசியும் ஆர்வமும் உள்ள 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கேட்கவும், கேட்டதைக் குறித்து வைக்கவும், குறித்ததைச் சரிபார்க்கவும் நாம் கற்றுக்கொடுத்தால் போதும்.

முதலில் ஏதேனும் ஒரு பழைய பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் ஒரு பக்கத்து ஒலிப்பானை மட்டும் பொருத்திக் கேளுங்கள். பிறகு மறுபக்கத்தை மட்டும். இத்தனை நாள் கேளாத ஏதோ ஒன்று நிச்சயம் கேட்கும்.